'உனக்காக'வா, 'உங்களுக்காக'வா? 'தி கைட் ரன்னர்' படித்துவிட்டு எழுத உட்காருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாவலை மூடிய கையோடு எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே கட்டுரைதான் வருகிறது. கண்கலங்க வைத்த கதை, நட்புக்கு இலக்கணம் ஹசன், துரோகத்துக்கு அமீர், குற்றவுணர்ச்சி யாரையும் விடாது. காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' பற்றி நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். மூன்று பக்கம். தொடக்கத்தில் 'உடுக்கை இழந்தவன் கைபோல' வேறு. வாசகர் வட்டத்தில் படித்துக் காட்டினேன். யாரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வந்தது, கலைந்தார்கள்.

ஒரு அக்கா மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, அந்த ஹசன் பையன் இவனை வா போன்னு கூப்பிடுவானா, வாங்க போங்கன்னு கூப்பிடுவானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆங்கிலத்தில் படித்திருந்தேன், அதில் இரண்டுக்கும் ஒரே 'யூ'. அன்றிரவு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சிறுவயது நட்பைப் பற்றிய வேறு நாவலுக்கும் இது உதவலாம். ஆனால் எடுத்துக்காட்டு முழுக்க இந்த ஒரே நாவல்தான். பொதுவாகப் பேசினால் ஒன்றும் ஒட்டாது.

படி 1: புத்தகத்தைக் கீழே வைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்? தூக்கம் வந்து நிறுத்தியதைக் கேட்கவில்லை. மேலே படிக்க மனம் வராமல் மூடி வைத்தீர்களே, அந்த இடம். உங்கள் கட்டுரை அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

பெரும்பாலோர் ஏழாம் அத்தியாயத்தைச் சொல்வார்கள். 1975 குளிர்காலம், பட்டப்போட்டி முடிந்த மாலை. வெட்டுப்பட்ட நீலப் பட்டத்தைத் துரத்திப் பிடித்த ஹசனை ஒரு சந்தில் அசெஃப் என்ற போக்கிரிப் பையன் மடக்குகிறான். அங்கே ஹசன் மீது பாலியல் வன்முறை நடக்கிறது. மறைந்து நின்று பார்க்கும் அமீர் ஓடிவிடுகிறான். இதை உங்கள் கட்டுரையில் பூசி மெழுகாமல் ஒரு வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். 'ஒரு கொடூரச் சம்பவம்' என்று எழுதுவதை நம்பிப் பள்ளி மாணவர் யாராவது தயாரில்லாமல் அந்த அத்தியாயத்துக்குள் போய்விடக்கூடும். விவரிக்கவும் வேண்டாம். நாவலே அங்கு பாதியில் வேறு நினைவுகளுக்கு நழுவிப் போகிறது.

நான் நிறுத்தியது அங்கே இல்லை. ஒன்பதாம் அத்தியாயம். பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் அமீரே ஹசனின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். திருடினாயா என்று அமீரின் தந்தை கேட்கிறார். ஹசன் 'ஆமாம்' என்கிறான். ஒரே சொல். சந்தில் அமீர் செய்தது பயத்தில் செய்தது. பன்னிரண்டு வயதுப் பையன், எதிரில் மூன்று பேர். இங்கே யாரும் அவனை மிரட்டவில்லை. நிதானமாக யோசித்துச் செய்கிறான். என் கட்டுரையை இங்கே தொடங்கினேன். நீங்கள் வேறு இடத்தில் தொடங்குவீர்கள், அதுதான் சரி.

இடம் பிடிபட்டதும், முதல் ஒன்பது அத்தியாயங்களை இன்னொரு முறை படியுங்கள். மொத்தம் இருபத்தைந்து. ஹசனும் அமீரும் சேர்ந்திருக்கும் காலம் அந்த ஒன்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் வாசிப்பில் கையில் பென்சில் இருக்கட்டும்.

படி 2: கதையை ஐந்து வரியில் அடக்குங்கள்

பாதிக் கட்டுரையைக் கதைச்சுருக்கமே தின்றுவிடுவதை நிறையப் பார்க்கிறேன். நான் எழுதியது இவ்வளவுதான்:

"1970களின் காபூல். வசதியான பஷ்தூன் குடும்பத்துப் பையன் அமீர். அந்த வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹசன், ஹசாரா இனத்தவன். ஒன்றாக வளர்கிறார்கள். 1975இல் ஒரு மாலை, ஹசனுக்கு நேரும் கொடுமையைப் பார்த்தும் அமீர் ஓடிவிடுகிறான். ஆண்டுகள் கழிந்து, அமெரிக்காவில் எழுத்தாளனாக வாழும் அமீருக்கு 2001இல் பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது."

அழைப்பு வந்த பிறகு நடப்பதைச் சுருக்கத்தில் தொடாதீர்கள். குறிப்பாக, பெஷாவரில் அமீரின் தந்தையின் நண்பர் ரஹீம் கான் சொல்லும் ரகசியம். அதை நான் இங்கேயும் சொல்லப் போவதில்லை. சொல்லாமலே அதைப் பற்றி விவாதிக்க முடியும். ஆறாம் படியில் பார்க்கலாம்.

படி 3: வரலாற்றில் எவ்வளவு சேர்ப்பது

இணையத்தில் தேடினால் ஆப்கானிஸ்தான் வரலாறு கொட்டிக் கிடக்கிறது. 1973 ஜூலையில் மன்னர் ஜாஹிர் ஷாவை அவருடைய உறவினர் தாவூத் கான் கவிழ்த்தது, 1978 ஏப்ரல் புரட்சி, 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது, 1996இல் தாலிபான் காபூலைப் பிடித்தது, 1998 ஆகஸ்டில் மஸார்-இ-ஷரீபில் ஹசாராக்களைக் கொன்று குவித்தது. இவற்றை வரிசையாக அடுக்கினால் பொது அறிவுப் புத்தகம் ஆகிவிடும். உங்கள் வாதத்துக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.

எனக்கு இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, ஹசாராக்கள் யார் என்பது. ஆப்கானிஸ்தானில் பஷ்தூன்கள் போன்ற சன்னி முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. ஹசாராக்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். முகச்சாயலும் வேறு, அதை வைத்தே கேலி செய்வார்கள். 1890களில் ஆட்சியாளர் அப்துர் ரஹ்மான் கான் அவர்களுடைய கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கினார். சிறுவன் அமீருக்கு இதெல்லாம் பள்ளியில் தெரியவரவில்லை, இறந்துபோன தாயின் புத்தகம் ஒன்றில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

'நம்மூர் சாதி மாதிரிதான்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அங்கே இனம், மதப்பிரிவு, முகம், ஒரு போரின் நினைவு எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் தோட்டத்துக் கோடியில் ஒரு மண்குடிசை, முன்னால் பெரிய வீடு, நடுவில் இரண்டு பையன்கள் ஓடியாடும் புல்வெளி என்ற அமைப்பு நம்மில் பலருக்குப் புதிதல்ல. ஒப்பிட வேண்டுமென்றால் அந்த அமைப்பை ஒப்பிடுங்கள்.

இரண்டாவது பட்டம். ஆங்கில வாசகருக்கு விளக்க வேண்டியதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டாம். காபூலில் 'தார்' என்கிறார்கள். கண்ணாடித்தூளும் பசையும் பூசிக் காயவைத்த நூல். மாஞ்சா என்றால் முடிந்தது. வடசென்னைக்காரரிடம் 'டீல்' என்றால் போதும், அறுந்த காத்தாடிக்குப் பின்னால் தெருத்தெருவாக ஓடும் கூட்டம் அவர் கண்முன் வந்துவிடும். சென்னையில் மாஞ்சா கழுத்துகளை அறுத்து, தடையும் வந்தாகிவிட்டது. இதையெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கும், ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நிறுத்தாமல் ஒரு பக்கம் எழுதி, பிறகு வெட்டினேன்.

ஆசிரியர் வாழ்க்கை வேண்டுமா? ஹுசைனி 1965இல் காபூலில் பிறந்தவர், தந்தை வெளியுறவு அதிகாரி. குடும்பம் 1976இல் பாரிஸ் போனது, 1980இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தது. மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே எழுதிய முதல் நாவல் இது, 2003இல் வெளிவந்தது. 'சொந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சோவியத் படை வந்தபோது அவர் காபூலில் இல்லை. அமீர் தந்தையோடு எரிபொருள் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லை கடக்கும் பகுதி கற்பனைதான், அதனால் அதன் மதிப்பு எனக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை.

படி 4: சொற்களைப் பிடியுங்கள்

மற்ற படிகளை அவசரமாகக் கடந்தாலும் பரவாயில்லை, இங்கே நின்று நிதானமாக வேலை செய்யுங்கள். இந்த நாவலை நட்பும் விசுவாசமும் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். பென்சிலோடு உட்கார்ந்து, அந்த இரண்டையும் யார் வாய் சொல்கிறது என்று பாருங்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான்காம் அத்தியாயத்திலேயே அமீர் சொல்லிவிடுகிறான், தானும் ஹசனும் நண்பர்கள் என்று தான் ஒருபோதும் நினைத்ததில்லை என்று. அவனுடைய தந்தையும் அலியோடு சேர்ந்து வளர்ந்தவர்தான். தன் கதைகளில் ஒருமுறைகூட அலியை நண்பன் என்று அவர் சொன்னதில்லை. முதல் வாசிப்பில் இந்த வரிகள் என் கண்ணிலேயே படவில்லை. பட்டம், மாதுளை மரம், அதன் அடியில் கதை படிப்பது என்று எல்லாம் அழகாக இருக்கும்போது யார் கவனிக்கிறார்கள்?

ஐந்தாம் அத்தியாயம், தாவூத் கானின் கவிழ்ப்புக்கு அடுத்த நாள். இவனை எப்படி நண்பன் என்கிறாய் என்று அசெஃப் கேட்கும்போது, 'அவன் என் நண்பன் இல்லை, என் வேலைக்காரன்' என்ற பதில் அமீருக்கு நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. சற்று நேரத்தில் கவணில் கல்லை வைத்து அசெஃபின் கண்ணுக்குக் குறிபார்த்து நிற்பவன் ஹசன். சந்தில் நடந்தது 1975இல். கைவிடுதல் 1973லேயே மனதுக்குள் நடந்துவிட்டது.

அடுத்தது ஆறாம் அத்தியாயம். நான் உன்னிடம் பொய் சொல்வேனா, அதற்கு மண்ணைத் தின்பேன் என்று ஹசன் சொல்ல, நிஜமாகவே தின்பாயா என்று அமீர் சீண்டுகிறான். நீ சொன்னால் தின்பேன், ஆனால் அப்படி ஒன்றை என்னிடம் சொல்வாயா என்று ஹசன் திருப்பிக் கேட்கிறான். இதை அடிமைப் புத்தி என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பதிலில் ஒரு சோதனை இருக்கிறது. சோதித்தவனை அவன் பதிலுக்குச் சோதிக்கிறான். அமீர் எழுதிய முதல் கதையைக் கேட்டுவிட்டு, அதிலிருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். கண்ணீர் முத்தாக மாறும் கதை அது. அழுவதற்காக மனைவியை ஏன் கொல்ல வேண்டும், வெங்காயத்தை முகர்ந்தால் போதாதா என்று கேட்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத பையன்.

பிறகு அந்தச் சந்து. அங்கேதான் 'விசுவாசம்' வருகிறது, அசெஃபின் வாயில். விசுவாசமான ஹசாரா, நாயைப்போல விசுவாசம் என்கிறான். நாம் கட்டுரைத் தலைப்பில் பெருமையாகப் போடும் சொல்லை நாவல் தன் வில்லனிடம் கொடுத்து வைத்திருக்கிறது.

இப்போது தமிழில் யோசியுங்கள். 'விசுவாசம்' என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது யார்? நாய். அப்புறம் பழைய வேலைக்காரர். அப்புறம் தலைவரின் விசுவாசி, அவருக்கும் தேர்தலில் சீட்டு தேவைப்படுகிறது. நண்பர்களுக்குள் யாரும் 'அவன் எனக்கு விசுவாசமா இருக்கான்' என்று பேசிக்கொள்வதில்லை. பேசினால் அவர்களில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று அர்த்தம். செஞ்சோற்றுக் கடனையும் கர்ணனையும் இழுத்துவராதீர்கள். கர்ணனுக்கு அங்க நாடு கிடைத்தது. ஹசனுக்கு ஒரு மண்குடிசையும், பிறந்தநாள் பரிசாக உதட்டுப் பிளவுக்கு ஓர் அறுவை சிகிச்சையும். அதைச் செய்தவர் டெல்லியிலிருந்து வந்த டாக்டர் குமார் என்பது நம் வாசகர்களுக்கு ஒரு சின்ன இனிப்பு.

ஹசன் அமீரை எப்போதும் 'அமீர் ஆகா' என்றே கூப்பிடுகிறான், நம் 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஒரு வயதுதான் வித்தியாசம். ஒரே தாதியிடம் பால் குடித்தவர்கள். அமீர் அவனை வெறும் 'ஹசன்' என்கிறான். அவர்கள் பேசும் தாரி மொழியில் நம்மைப் போலவே 'து', 'ஷுமா' என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால் அது மறைந்துவிட்டது. நாவலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த ஆயிரம் முறை வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'உனக்காக ஆயிரம் முறை' என்றால் நண்பன் பேசுகிறான். 'உங்களுக்காக ஆயிரம் முறை' என்றால் வேலைக்காரர் மகன் பேசுகிறான். செருப்பை மாட்டிக்கொண்டே அந்த அக்கா கேட்டது இதைத்தான். இரண்டில் எதை எழுதுவீர்கள், ஏன் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். கட்டுரை தானாக நிமிர்ந்துவிடும்.

'ஆகா' என்று கூப்பிடுபவன் வாயில் 'உனக்காக' ஒட்டுமா? ஒட்டாது. ஆனாலும் நான் 'உனக்காக' என்றே எழுதினேன். பட்டத்துக்குப் பின்னால் பாய்ந்து ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்த்துக் கத்துகிறான். அந்த ஓட்டத்தில் ஆகா எல்லாம் உதிர்ந்துவிட்டிருக்கும் என்பது என் ஊகம். நீங்கள் மறுக்கலாம்.

படி 5: உங்கள் சொந்தக் கதை, ஒரு தேக்கரண்டி

வாசகர் எதிர்வினை என்பது மதிப்புரை இல்லை. நீங்கள் அதில் இருக்க வேண்டும். ஆனால் நாவலைச் சாக்காக வைத்துச் சுயசரிதை எழுதக் கூடாது. நான் வைத்துக்கொண்ட கணக்கு: ஒரே ஒரு நினைவு, ஆறு வரிக்கு மேல் போகாது, அதில் நான் நல்லவனாக வரக் கூடாது.

என்னுடையது இது. எங்கள் வீட்டில் வேலை செய்தவரின் மகன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். நான் அவனை வாடா போடா என்பேன், அவன் என்னை வாங்க போங்க என்பான். பந்து கிணற்றில் விழுந்தால் இறங்குவது அவன். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கண்ணாடியை நான் உடைத்தேன். கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்றேன். அவன் அப்பா அவனை அடித்தார். அன்று மாலையும் விளையாட வந்தான்.

இதற்கு மேல் ஒரு வரி சேர்த்திருந்தாலும் மன்னிப்புக் கேட்பது மாதிரி ஆகியிருக்கும். மன்னிப்பைக் கட்டுரை வாசகரிடம் கேட்டு என்ன பயன்? நிஜப் பெயரும் போடாதீர்கள். அவர் இன்று எங்கோ இருக்கிறார், உங்கள் பரிகாரத்தில் அவருக்குப் பங்கு இல்லை.

படி 6: நாவலோடு ஓர் இடத்திலாவது சண்டை போடுங்கள்

கையெடுத்துக் கும்பிடும் எதிர்வினை இரண்டாம் பத்தியிலேயே சலித்துவிடும். எனக்கு இருந்த சண்டைகள் மூன்று.

ஹசன் மிகவும் நல்லவன். ஒருமுறையாவது கோபப்படக் கூடாதா? அமீர் மாதுளைகளை அவன் மேல் எறிந்து, திருப்பி அடி என்று கெஞ்சும்போது, ஒரு மாதுளையைத் தன் நெற்றியிலேயே உடைத்துக்கொண்டு போய்விடுகிறான். காட்சியாக மறக்க முடியாதது. ஆனால் கதை சொல்பவன் அமீர் என்பதை மறந்துவிடாதீர்கள். குற்றவுணர்ச்சியில் இருப்பவன் தான் காயப்படுத்தியவனைப் புனிதனாக்கித்தான் நினைவில் வைத்திருப்பான். இது ஆசிரியரின் பலவீனமா, அமீரின் பலவீனமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை, கட்டுரையிலும் அப்படியே எழுதினேன்.

இரண்டாவது, கடைசிப் பகுதியில் தற்செயல்கள் அதிகம். பழைய ஆட்கள், பழைய ஆயுதங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போலத் திரும்பி வருகின்றன. சினிமா வாசனை. சினிமாவாகவே 2007இல் வந்ததும் வேறு கதை: சந்துக் காட்சியால் இனப்பகை கிளம்பும் என்று அஞ்சி, வெளியீட்டைத் தள்ளிவைத்து, நடித்த ஆப்கான் சிறுவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. 1975இல் நடப்பதாக எழுதப்பட்ட கதைக்கு 2007இல் அவ்வளவு பயம்.

மூன்றாவது, அந்த ரகசியம். ரஹீம் கான் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அமீர் காபூலுக்குப் போயிருப்பானா? வெறுமனே 'நீ ஒரு காலத்தில் ஓடிவிட்டாய், இப்போது போ' என்பது அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்குமா? இந்த ஒரு கேள்வியை எழுதிவிட்டால் படித்தவர்களுக்கு நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று புரியும், படிக்காதவர்களுக்கு எதுவும் உடையாது. நட்பு மட்டுமே காரணமாக இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆசிரியர் அந்த வாய்ப்பைத் தானே மூடிவிட்டார்.

படி 7: நீளம், தலைப்பு, மற்றவை

எண்ணூறு சொல் போதும். திருக்குறளில் தொடங்காதீர்கள், 788ஆம் குறள் பாவம், நட்பைப் பற்றிய கட்டுரைகளை எல்லாம் சுமந்து களைத்திருக்கிறது. தலைப்பில் 'விசுவாசம்' போடுவதாக இருந்தால் நான்காம் படியை மறுபடி படியுங்கள். தமிழில் 'பட்ட விரட்டி' என்ற பெயரில் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் படித்தீர்களா தமிழிலா என்பதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

படி 8: அனுப்பும் முன் ஹசனைப் பேசவிட்டுப் பாருங்கள்

எழுதியதை உரக்கப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று எண்ணுங்கள். என் பிரதியில் 'அமீர் நினைத்தான், அமீர் தவித்தான், அமீர் அழுதான்' என்றே போய்க்கொண்டிருந்தது. ஹசன் ஓடினான், கொடுத்தான், போனான், அவ்வளவுதான். நாவலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஓரிடம் தவிர.

பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. பெரியவனான பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு ஹசன் அமீருக்கு எழுதியது. அதிலும் 'அமீர் ஆகா' என்றுதான் தொடங்குகிறான். மாதுளை மரம் காய்ப்பதில்லை என்கிறான், மகனைப் பற்றிச் சொல்கிறான், காபூலில் பயம் எங்கும் இருக்கிறது என்கிறான். நீங்கள் திரும்பி வந்தால், பழைய, விசுவாசமான ஒரு நண்பன் உங்களுக்காகக் காத்திருப்பான் என்று முடிக்கிறான்.

அமீர் ஒருபோதும் தராத சொல்லையும், அசெஃப் நாயோடு சேர்த்துச் சொன்ன குணத்தையும் எடுத்து, இரண்டையும் தன் பெயருக்கு முன்னால் அவனே வைத்துக்கொள்கிறான். பாருங்கள், மேலே 'உனக்காக' என்று வாதாடிய நான் இங்கே மொழிபெயர்க்கும்போது 'நீங்கள்' என்றே எழுதியிருக்கிறேன். கடிதத்தில் வேறு எதுவும் கைக்கு வரவில்லை. என் கட்டுரையில் அந்த வரியை மூன்று முறை மாற்றினேன், கடைசியில் இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, எது சரி என்று அந்த அக்காவுக்கே அனுப்பிவைத்தேன்.